சாட்ல நீளமான தமிழ் மெசேஜ் நடுவுல உடையுது, "கொடுவா" தேடினா பாதி தான் வருது

முதுநகர்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் துறைமுகத்துல ஏலம் விடுறவங்களுக்கும் வெளியூர் வியாபாரிங்களுக்கும் ஒரு சின்ன சாட் வெப் ஆப் பண்ணி குடுத்திருக்கேன், நோடு (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வர், மெசேஜ் உடனுக்குடன் போக வெப்சாக்கெட், சேவ் பண்ண மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். விடிகாலைல படகு கரைக்கு வந்ததும் என்ன மீன், எத்தன கூடை, என்ன ரேட்டுனு ஒரே மெசேஜா நீளமா தட்டி விடுவாங்க. சின்ன மெசேஜ் எல்லாம் ஒழுங்கா போகுது, நீளமா இருந்தா தான் நடுவுல எங்கயாச்சும் ஒரு எழுத்து போயி கருப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி வருது. பெரிய மெசேஜ 1024 பைட் பைட்டா வெட்டி தனித்தனியா அனுப்புறேன். முதல்ல பஃபர (வெட்டின பைட்டுங்கள) அப்படியே டெக்ஸ்ட்டா அனுப்பினேன், கனெக்ஷனே மூடிடுச்சு. அப்புறம் பைட்ட எழுத்தா மாத்துற டூஸ்ட்ரிங் போட்டேன், மூடல, ஆனா இந்த கேள்விக்குறி வந்துடுச்சு.

இன்னொண்ணு, கொடுவானு மீன் பேர தேடினா பாதி மெசேஜ் தான் வருது, கண்ணுக்கு ரெண்டும் ஒரே கொடுவா தான். நோட்டிஃபிகேஷன்ல ஸ்லைஸ் போட்டு முதல் 40 குறியோட வெட்டுறேன், "120 கிலோ"னு வரவேண்டியது "120 கிலே"னு நிக்குது. நேத்து ஒருத்தர் மீன் எமோஜி போட்டாரு, அது சேவே ஆகல. தப்பான மெசேஜ நம்பி ஒருத்தர் ஏலம் கேட்டுட்டா அன்னைக்கு அவர் முதல் போச்சு, அதான் கேக்கறேன்.

லாஸ்பேட்டை_நோடு:
தம்பி, யூடிஎஃப்-8ல (எழுத்த பைட்டா மாத்துற முறை) தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் 3 பைட், புள்ளியும் துணைக்காலும் கூட தனித்தனியா 3. ஸ்பேஸ், நம்பர் 1 பைட். 341 குறி போட்டா 1023 பைட், அடுத்த குறியோட முதல் பைட் மட்டும் உன் துண்டுல மாட்டிக்கும், மிச்சம் ரெண்டு அடுத்த துண்டுக்கு போயிடும். நடுவுல எத்தன ஸ்பேஸ் இருக்குங்கறத பொறுத்து சில நாள் சரியா விழும், சில நாள் உடையும். 2011ல வந்த ஆர்எஃப்சி 6455ங்கற வெப்சாக்கெட் விதி டெக்ஸ்ட் மெசேஜ்னா முழுசும் சரியான யூடிஎஃப்-8ஆ இருக்கணும், இல்லன்னா 1007ங்கற குறியீட்டு எண் போட்டு மூடுனு சொல்லுது, அதான் உனக்கு மூடிச்சு. டூஸ்ட்ரிங் போட்டதால சரியாகல, உடைஞ்ச பைட்ட கேள்விக்குறியா மாத்தி தப்ப மறைச்சிடுச்சு. வெட்டாத, முழு மெசேஜயும் குடு, பிரிக்கறத லைப்ரரி பாத்துக்கும். லைப்ரரி ஃபிரேமா (துண்டா) பிரிக்கும்போது எழுத்து நடுவுல வெட்டுப்பட்டாலும் தப்பில்ல, சேந்ததுக்கு அப்புறம் தான் சரிபாக்கும். அளவுக்கு மட்டும் சர்வர்ல ஒரு மேக்ஸிமம் வை.

பாண்டி_அக்கா:
கொடுவா மேட்டர் எனக்கும் நடந்திருக்கு. கொ-ங்கறத சில கீபோர்டு க + ொ னு ரெண்டு குறியா அனுப்பும், சிலது க + ெ + ா னு மூணா அனுப்பும், ஸ்கிரீன்ல ஒண்ணா தெரியும், கம்ப்யூட்டருக்கு வேற வேற. உன் "கிலே"யும் அதே கதை தான், ே வந்ததும் வெட்டு விழுந்து ா வெளிய போயிடுச்சு. மெசேஜ் சர்வருக்குள்ள நுழையும்போதே என்எஃப்சில (ரெண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்குற முறை) நார்மலைஸ் பண்ணிடு, தேடுற வார்த்தையையும் பண்ணு. நான் பாண்டிச்சேரில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு சாட் செஞ்சப்ப ஃபிரெஞ்சு பேருங்க இதே மாதிரி ரெண்டு ரெண்டா பதிவாச்சு, மேல கோடு போட்ட எழுத்து அவங்களுக்கும் ரெண்டு விதமா வரும்.

ஒண்ணு மட்டும் பண்ணிடாத. ௌ போட வேண்டிய இடத்துல ெ + ள னு அடிக்கறவங்க நிறைய, அத என்எஃப்சி தொடாது. அதுக்காக ெ + ள வந்தா எல்லாத்தையும் ௌ ஆக்குனு ரீப்ளேஸ் போட்டா கெளுத்தி மீன் நாசமா போயிடும்! சேவ் பண்ற மெசேஜ தொடாம, தேடுறதுக்கு மட்டும் வேணும்னா டேபிள்ல தனியா ஒரு காலம் (நெடுவரிசை) வச்சிக்க.

வெட்டறதுக்கு ஸ்லைஸ விட்டுட்டு ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்கற இன்டில் செக்மென்டர் யூஸ் பண்ணு, எழுத்தா பிரிச்சு குடுக்கும், ஃபயர்பாக்ஸ்ல 2024ல 125வது வெர்ஷன்ல வந்துடுச்சு. க்ஷ மட்டும் ரெண்டா எண்ணும், அது பரவால்ல.

நெல்லிக்குப்பம்_டிபி:
எமோஜிக்கு காரணம் உன் டேபிள் utf8ன்னு போட்டிருக்கும், ச்ச, தமிழ்லயே சொல்றேன், மைஎஸ்கியூஎல்ல யூடிஎஃப்8னு இருக்கறது 3 பைட்டு வரைக்கும் தான். தமிழ் உள்ள அடங்கிடுது, மீன் எமோஜி 4 பைட், அதான் தள்ளிடுது. யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க, டேபிள் மட்டும் மாத்துனா பத்தாது, சர்வர் டேட்டாபேஸோட பேசுற கனெக்ஷனோட கேரக்டர்செட்டையும் (எழுத்து முறை) மாத்தணும்.

அப்புறம் ஸ்கிரீன்ல காட்டும்போது மெசேஜ வெப் பக்க கோடா எடுத்துக்கற இன்னர்எச்டிஎம்எல் வேணவே வேணாம், வெறும் எழுத்தா காட்டுற டெக்ஸ்ட்கன்டென்ட் போடுங்க, இல்லன்னா எவனாச்சும் ஸ்கிரிப்ட் தட்டி விட்டா எல்லார் போன்லயும் ஓடும். கண்ணுக்கு தெரியாத குறி எல்லாத்தையும் மொத்தமா தூக்காதீங்க, குடும்ப எமோஜி ஒட்டியிருக்கறதே அதுல ஒண்ணால தான். எழுத்த வலமிருந்து இடமா திருப்புற குறிய மட்டும் தூக்குங்க, விலை 120 அடிச்சா 021னு காட்ட வைக்க முடியும்.

முதுநகர்_பையன்:
வெட்டறத எடுத்துட்டேன், இன்னைக்கு காலைல 3 பக்க மெசேஜ் முழுசா போச்சு. கொடுவாவும் இப்ப எல்லாம் வருது. ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஏற்கனவே கேள்விக்குறியா சேவ் ஆனத மீட்க முடியுமா?

லாஸ்பேட்டை_நோடு:
முடியாது தம்பி, அந்த பைட்டே போயிடுச்சு. அனுப்புனவங்க போன்ல பழைய மெசேஜ் இருந்தா மறுபடி அனுப்பச் சொல்லு.