ஆமை அடைப்புக்குத் தரையில் என்ன போடலாம்?

வணக்கம். மன்னார்குடி பக்கம், கொல்லையில் இருபதடிக்குப் பத்தடி அடைப்பு. உள்ளே முறைப்படி பதிவு செய்த சல்காட்டா ஆமை (ஆப்பிரிக்கத் தரை ஆமை) ஒன்று. (நட்சத்திர ஆமை இல்லை; அதை வீட்டில் வைப்பதே குற்றம்.)

சிக்கல் தரைதான். எங்கள் களிமண் சித்திரையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும், ஐப்பசியில் சேறாகிவிடும். போன மழையில் ஈரம் காயாமல் ஆமையின் அடிப்பக்க ஓடு வெள்ளையாகப் பூத்துவிட்டது. மணல் கொட்டினால் தீனியோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். உமி பரப்பினேன், கண்ணில் மூக்கில் ஒட்டிக்கொண்டு பாவமாக நின்றது. அப்புறம் அருகம்புல் நட்டேன். வேர் பிடிக்கும் முன்பே மேய்ந்துவிட்டது!

மண்ணை மேடாக்கி, நடுவில் தடுப்பு வைத்து, பாதியில் அருகும் பாதியில் பொடுதலையும் விடலாமா? பொடுதலையைத் தின்றால் ஆமைக்கு ஏதும் ஆகுமா? வளர்த்தவர்கள் சொல்லுங்களேன், மழைக்கு முன் முடிக்கணும்.