பாங்காக் சோய் 10ல இருந்த பார், யாருக்காச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?

காதர்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. சிரிக்காம பதில் சொல்லுங்க. எங்க பெரியப்பா போன ஆடியில தவறிட்டாருங்க. அவரு ரூமை ஒழிக்கறப்ப பரண் மேல பழைய சூட்கேஸ் ஒண்ணு, உள்ள சாம்பிள் பனியனு, அதுக்கு நடுவுல ஒரு மஞ்ச லைட்டர். அதுல பார் பேரு தேஞ்சு போச்சு, 'சுகும்வித் சோய் 10, பாங்காக்' மட்டும் தெரியுது (சுகும்வித்துங்கறது ரோட்டுப் பேரு, சோய்னா அதுல பிரியற சந்து). நம்ம திருப்பூர் துணி ஏற்றுமதிக்கு வெளிநாட்டுக்காரங்க அளவு வெச்சிருந்த கோட்டா காலத்துல பட்டன் பாக்கறேன் லேஸ் பாக்கறேன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை போவாராமா. ஊருக்குள்ள அவரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து கூட யாரும் பாத்ததில்லீங்க, அத்தனை கறாரு. தை நோம்பி லீவுல நாங்க பசங்க நாலு பேரு பாங்காக் போறோம், அந்த பார் இருந்தா ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். பெரியம்மாகிட்ட கேக்கவா முடியும், அதான் இங்க கேக்கறேன்.

பழைய_மெர்ச்சன்டைசர்:
தம்பி, நீ லேட்டு, அதுவும் இருவது வருஷத்துக்கு மேல லேட்டு.

சோய் 10 ஓரத்துல சுகும்வித் ஸ்கொயர்னு ஒரு காலி எடம், தகரக் கூரை போட்டு வரிசையா திறந்த பார், நம்ம சந்தைக்கடை மாதிரின்னு வெச்சுக்க. 2003 ஜனவரி 26, விடியறதுக்கு முன்னாடி நூத்துக்கணக்குல ஆளுங்க புல்டோசரோட வந்து மொத்தத்தையும் தரைமட்டம் பண்ணிட்டாங்க. நூறு கடைக்கு மேல, டிராவல்ஸ் ஆபீஸ் துணிக்கடைன்னு எல்லாம் சேத்துதான். நமக்கு இங்க குடியரசு தின லீவு, நான் வீட்ல படுத்திருந்தேன், அடுத்த ட்ரிப்புல போயி நிக்கறேன், வெறும் பொட்டல். எடத்துக்குச் சொந்தக்காரரு சுவிட்னு ஒருத்தரு, மசாஜ் பார்லர் நடத்தினவரு. அவரு அங்கயே ஒரு பார்க் கட்டி தன் பேரையே வெச்சாரு, 2004ல பாங்காக் கவர்னர் எலெக்ஷன்ல நின்னு மூணாவதா வந்தாரு, அந்த இடிப்புக் கேசுல 2016ல ஜெயிலுக்கும் போனாரு. பார்க்கையும் அப்பறம் எடுத்துட்டு கட்டடத்துக்கு விட்டுட்டாங்கன்னு கேள்வி.

ஆனா அந்த பார் எப்படி இருக்கும்னா, ஸ்டூலு, ஃபேனு, ஐஸ் போட்ட பீரு, பில்லைச் சுருட்டி ஒரு சின்ன கப்புல உன் முன்னாடியே வெச்சிருவாங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் சீட்டு ஒண்ணு கூடும். போர்டுல காய் போட்டு நாலு சேக்கற ஆட்டம் ஒண்ணு, பார்ல வேலை பாக்கற பொண்ணுங்ககிட்ட ஒருத்தனும் ஜெயிச்சதில்லை. தலைக்கு மேல மணி தொங்கும். நம்மாளு ஒருத்தரு, உங்க பெரியப்பாவா இருந்தாலும் இருக்கும், முதல் நாள் உள்ள நுழைஞ்சதும் மாரியாத்தா கோயில் ஞாபகத்துல கையைத் தூக்கி அடிச்சுட்டாரு. மணி அடிச்சா கடையில இருக்கற அத்தனை பேருக்கும் ஒரு ரவுண்டு அவரு கணக்கு. பில்லைப் பாத்ததும் மனுசன் மூஞ்சி செத்துப் போச்சு.

நொய்யல்கரை:
மெர்ச்சன்டைசரண்ணா மணிக்கதை சூப்பருங்ணா :)

தம்பி, சோய் 10 போனா போகுது, பழசு பாக்கணும்னா அசோக் ஸ்டேஷன் பக்கம் சோய் கவ்பாய் இன்னும் இருக்குது. எட்வர்ட்ஸ்னு ஒரு ரிட்டயர்டு அமெரிக்க ஏர்ஃபோர்ஸ்காரரு, எப்பவும் கவ்பாய் தொப்பி போடுவாராம், 1977ல அங்க பார் தொறந்தாரு, அந்தப் பேரே தெருவுக்கு ஒட்டிக்கிச்சு. ரொம்ப நீளமெல்லாம் இல்லை, நியான் லைட்டு மட்டும் கண்ணைக் கூசும். பாருங்களா இருக்கற இன்னொரு எடம் நானா பிளாசா, அதுல 'நானா'ங்கறது குஜராத்துல இருந்து போன முஸ்லிம் குடும்பத்துப் பேரு, அது நெறய பேருக்குத் தெரியாது. பட்பொங் கதை இன்னும் பழசு, 1946ல பட்பொங்பானிச் குடும்பம் வாங்கின எடம், வியட்நாம் சண்டை சமயத்துல லீவுல வந்த சோல்ஜருங்களை வெச்சு பார் தெருவா மாறிச்சு, அப்பறம் நடுரோட்ல நைட் மார்க்கெட் வந்து, டூப்ளிகேட் வாட்சும் பேகும் வாங்க வர்ற குடும்பங்கதான் எச்சு. அந்தத் தெருவுல இருந்து நடந்து போற தூரத்துல சீலோம் ரோட்ல மாரியம்மன் கோயில் இருக்குது, 1879ல வைத்தி படையாச்சின்னு நம்ம தமிழாளு கட்டினது. எங்க சித்தப்பா செட்டு சாயங்காலம் அங்க விபூதி பூசிட்டு, அழிச்சுட்டு, அக்கட்ட போவாங்களாமா!

கொரோனாவுல 2020 மார்ச்ல எல்லாத்தையும் மூடினதுல நெறய சின்ன பார் திரும்ப தொறக்கவே இல்லீங்க. இருக்கறதுலயும் பழைய மாதிரி இல்லை. பக்கத்துலயே மால், ஹோட்டல், வாடகை அந்த ரேட்டு, சும்மா ஒரு பீரை வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கறவனுக்கு எடம் கெடயாது.

ஓவர்லாக்_அக்கா:
எல்லாரும் நல்லா உருகறீங்க, நானும் படிச்சேன். ஒண்ணு கேக்கறேன். கோ-கோ பார்ல ஆடற பொண்ணுங்க நெஞ்சுல நம்பர் பேட்ஜ் குத்தியிருப்பாங்களே, அதை ஏன் ஒருத்தரும் எழுதல? பேரு கெடயாது, 34, 51, அவ்ளோதான். கூட்டிட்டுப் போகணும்னா கடைக்கு பார் ஃபைன் கட்டணும், அது அவ வேலைநேரத்துக்கு முதலாளி போடற விலை. முக்காவாசிப் பேரு ஈசான் பக்கம், வடகிழக்கு, மழையை நம்பின நெல்லுக்காடு, பத்தாம பாங்காக் வந்து மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்பறவிய. நான் தேனியில இருந்து பதினேழு வயசுல இங்க கம்பெனிக்கு வந்தவ, ஹாஸ்டல்ல எனக்கும் டோக்கன் நம்பர்தான், சூப்பர்வைசர் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாரு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா அந்த தகரக் கூரையை ஒரே ராவுல இடிச்சப்ப உங்களுக்கு போனது ஒரு ஸ்டூலு, அவியளுக்கு போனது அந்த மாசத்து வருமானம்.

பழைய_மெர்ச்சன்டைசர்:
அக்கா சொல்றது நெசம். பதில் இல்லை எங்கிட்ட.

உள்ளதைச் சொல்லிடறேன். எங்களுக்கு குடிகூட முக்கியமில்லீங்க, சரக்கு இங்கயே கெடைக்கும். அவிநாசி ரோட்ல ஒருத்தன் பார்ல ஏறினா பொழுதுக்குள்ள சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சிரும், பொண்ணு கட்டறது, ஃபைனான்ஸ் வாங்கறது, கோயில் முறை வரைக்கும் பாதிக்கும். அங்க மட்டும்தான் இன்னாரு பையன், இன்ன கூட்டம்னு கேக்காத ஒரு பெஞ்சு இருந்துச்சு. நாலு மணி நேரம் வெறும் ஆளா உக்காந்துட்டு வருவேன், நெறய நாள் ஒண்ணும் பேசக்கூட மாட்டேன். 2004 கடைசியோட கோட்டா முடிஞ்சுது, போட்டி எச்சாச்சு, மார்ஜின் போச்சு, 2011ல சாயப்பட்டறை மூடினப்ப என்ற பார்ட்னர் கடையைக் கட்டிட்டாரு, பாங்காக்கும் அதோட நின்னுபோச்சு. இப்ப போனாலும் எவன் எந்தப் பக்கம் ரீல்ஸ் எடுக்கறான்னு பயம்தான், நம்மூரு வாட்ஸ்அப் குரூப்ல நமக்கு முன்னாடி வந்து நிக்கும். ஆனா அந்த நம்பர் பேட்ஜை அத்தனை வருஷம் பாத்துருக்கேன், பேரு என்னன்னு ஒருத்திகிட்ட கேட்ட ஞாபகம் இல்லை.

காதர்பேட்டை_பையன்:
ரொம்ப நன்றிங்ணா, அக்காவுக்கும். சோய் 10 போயி ஒரு போட்டோ மட்டும் எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், நேத்து பெரியம்மா வெளக்குப் பத்த வெக்க தீப்பெட்டி தேடினாங்க, நான் யோசிக்காம பாக்கெட்ல இருந்த அந்த லைட்டரை நீட்டிட்டேன். வாங்கிப் பாத்தாங்க, திருப்பிப் பாத்தாங்க, "இதுல கேஸு தீந்து பல வருஷமாச்சு கண்ணு, இருந்த எடத்துலயே வெச்சிரு"ன்னாங்க.