எலியின் பரம்பரையலகு ஈக்குள் சென்றால்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஹட்டன் உயிரியல் ஆசிரியை

கண் உருவாவதைத் தொடக்கிவைக்கும் பரம்பரையலகான பாக்ஸ்6 பற்றி இங்குள்ளோர் பலர் அறிவீர்கள். பாசல் நகரில் வால்டர் கெரிங்கின் குழுவினர் 1995இல் வெளியிட்ட படத்தை உயர்தர வகுப்பில் காட்டினேன். எலியின் அந்தப் பரம்பரையலகு தொழிற்பட்டதால் பழ ஈயின் காலில் முளைத்த கண் அது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இது எலிக்கண்ணா, ஈக்கண்ணா?" என்றாள். சிறுகண்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஈயின் கூட்டுக்கண்தான் என்று சுட்டிக்காட்டினேன். அவள் உட்காரவில்லை. "அப்படியென்றால் எலியிடமிருந்து ஈக்கு வந்தது என்ன?" என்றாள். "கண்ணை உருவாக்கு" என்ற கட்டளை மட்டும்தான் என்றேன். இத்தனை கோடி ஆண்டுக் கூர்ப்பில் அந்தக் கட்டளை மட்டும் ஏன் மாறவில்லை என்று அவள் தொடர்ந்து கேட்டதற்கு, பாடத்திட்டத்துக்குள் நின்று நிறைவான விடை தர முடியவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

பேராதனைப் பட்டப்பின் மாணவன்

அந்த மாணவி கேட்டதை நான் நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறேன், மிஸ். நடுவே பிளந்து பெருகும் ஒருகல உயிரியான பிளவு மதுவத்தில், கலப்பிரிவைத் தொடக்கும் சிடிசி2 பரம்பரையலகு பழுதடைந்த விகாரி 25 பாகை செல்சியசில் வழமைபோலப் பிரியும். 36 பாகைக்குக் கொண்டுபோனால் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகும். மெலனி லீயும் போல் நேர்சும் 1987இல் மனிதனின் சிடிசி2ஐக் கண்டுபிடித்ததே இத்தகைய விகாரிக்குள் மனிதப் பரம்பரையலகுத் தொகுதியைச் செலுத்தி, எது அதைக் காப்பாற்றுகிறது என்று தேடித்தான்.

எங்கள் பயிற்சியில், பரம்பரையலகைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டை வெறுமையாகப் பெற்ற கலங்கள் குறுக்குச்சுவர் ஒன்றுமின்றி நெடுங்கோல்களாகக் கிடந்தன. அடுத்த வழுக்கியை வைத்துக் குவியப்படுத்தியபோது, மனிதப் பரம்பரையலகைப் பெற்ற கலங்கள் குட்டையாக, நடுவே மெல்லிய சுவர் எழும்ப, இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. இரு புரதங்களும் ஏறத்தாழ 63 சதவீதம் ஒத்தவை என்று முன்பே படித்திருந்தும், கண்ணால் கண்டபோது மெய்சிலிர்த்தது. கலத்தின் மட்டத்தில் மனிதனுக்கும் மதுவத்துக்கும் வேறுபாடே இல்லை என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

நானுஓயா வாசகி

எனக்கு ஆய்வுகூடம் தெரியாது. என் அக்காவின் மகனுக்குப் பிறவியிலேயே கதிராளி, அதாவது கண்மணியைச் சூழ்ந்த நிறவளையம், இல்லை. வெயில் ஏறினால் நெற்றியில் கைவைத்து, தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பான். பாக்ஸ்6இன் இரு பிரதிகளில் ஒன்று பழுதடைந்தாலே இப்படி வரும் என்று கண்வைத்தியர் விளக்கினார். எலியிலும் ஒரு பிரதி கெட்டால் கண் சிறுத்துவிடும் என்று அவர் சொன்னபோது, இவனுக்கும் எலிக்கும் என்ன தொடர்பு என்று அக்கா திகைத்துப்போனார்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

பேராதனைத் தம்பியின் கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது. நானும் இத்தகைய மாற்றீடு ஒன்றைச் செய்து, மனிதப் புரதம் தாராளமாக உற்பத்தியாகியும் மதுவம் வளராமல் வெறுமையாகக் கிடந்த வளர்ப்பூடகத்தைப் பார்த்தவன். ஒஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர் 2015இல், மதுவத்துக்கு இன்றியமையாத 414 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக மனிதனுடையதால் மாற்றிப் பார்த்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானவையே வேலை செய்தன. கலமென்சவ்வுக்குத் தேவையான ஸ்டெரோல் என்ற கொழுப்பைத் தொகுக்கும் பாதையைச் சேர்ந்தவை பெரும்பாலும் தேறின. வரிசை ஒற்றுமையைவிட, அந்தப் புரதம் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தொழிற்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது. ஒரு வெற்றியை வைத்து எல்லாம் ஒன்றே என்று சொல்வது அறிவியலாகாது, தம்பி.

ஆசிரியை அவர்களே, நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். இங்கே பேசப்பட்ட இரு சோதனைகளும் ஒரே கேள்வியைக் கேட்பவை அல்ல. மதுவத்தில் சொந்தப் பரம்பரையலகு செயலிழந்திருந்தது; ஆகவே அதன் இடத்தை மனிதனுடையது நிரப்புமா என்பதே கேள்வி. ஈயிலோ பாக்ஸ்6இன் ஈ வடிவமான சொந்த ஐலெஸ் பரம்பரையலகு அப்படியே இருந்தது. அங்கே சோதிக்கப்பட்டது, எலியின் புரதத்தால் ஈயின் கண்ணாக்கத்தைத் தொடக்கிவைக்க முடியுமா என்பதுதான். கட்டளை ஏன் மாறவில்லை என்பதற்கும் இதிலிருந்தே விடை தொடங்கலாம்: பாக்ஸ்6 புரதம் டிஎன்ஏயில் பிணையும் பகுதியால் ஒரே வேளையில் பல பரம்பரையலகுகளை ஆளுகிறது, அந்தப் பகுதி சற்று மாறினாலும் அத்தனையும் குலையக்கூடும் என்பதால், அத்தகைய மாற்றங்களை இயற்கைத் தேர்வு களைந்துகொண்டே வந்திருக்கிறது. நானுஓயாச் சகோதரி சொன்ன பிள்ளையிடம் பழுதற்ற பிரதி ஒன்றே இருப்பதால், புரதத்தின் அளவு பாதியாகக் குறைந்திருக்கலாம்; அதற்கே இந்த விளைவு. அடுத்த முறை கரும்பலகையில் இரு நிரல்கள் கீறி, ஒவ்வொரு சோதனையிலும் சொந்தப் பரம்பரையலகு இருந்ததா, இல்லையா என்பதை முதல் வரியாக எழுதவையுங்கள். படத்தை அதன் பிறகு காட்டுங்கள்.