லிவீவ், 1918: ஒரே படையில் இருந்தவர்கள் எதிரிகளானது எப்படி?

மட்டக்களப்பு மாணவி:
வணக்கம். உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். 1918 நவம்பரில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்த வேளையில், இன்று மேற்கு உக்ரேனில் உள்ள லிவீவ் நகரத்துக்காகப் போலந்தியரும் உக்ரேனியரும் தெருத்தெருவாகப் போரிட்ட வரலாறு என் மனதை விட்டு அகலவில்லை. இரு தரப்பிலும் இருந்தவர்களில் பலர், அதுவரை ஒரே பேரரசரின் சீருடையை அணிந்து ரஷ்யப் படைக்கு எதிராக நின்றவர்கள். இதற்குக் காரணம் கேட்டபோது "நெடுங்காலப் பகை" என்ற விடைதான் கிடைத்தது. அது எனக்குப் போதவில்லை. பகை முன்னரே இருந்ததென்றால், பேரரசு நிலைத்திருந்த காலத்தில் அது ஏன் போராக வெடிக்கவில்லை? அந்த நகரம் உண்மையில் யாருக்கு உரியது?

கல்முனை ஆசிரியர்:
மகள், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதற்கான விடையும் அதற்குள் இருக்கிறது.

1910 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நகருக்குள் ரோமன் கத்தோலிக்கர், அதாவது பெரும்பாலும் போலந்தியர், பாதிக்குச் சற்று அதிகமாக இருந்தார்கள். யூதர்கள் நூற்றுக்கு 28 அளவிலும், உக்ரேனியரின் திருச்சபையான கிரேக்கக் கத்தோலிக்கத்தைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 19 அளவிலும் இருந்தார்கள். ஆனால் நகர எல்லையைத் தாண்டி, பேரரசின் மாகாணமான கலீசியாவின் கிழக்குப் பாதி, அதாவது கிழக்குக் கலீசியா முழுவதையும் சேர்த்து எண்ணினால், கிரேக்கக் கத்தோலிக்கர் நூற்றுக்கு 60க்கு மேல். இரு தரப்பின் கணக்கும் சரியானது. எண்ணிய பரப்புத்தான் வேறு. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதை அறிந்த நமக்கு, கோடு மாறினால் பெரும்பான்மையும் மாறும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

பேரரசின் காலத்திலும் இந்த வழக்கு ஓயவில்லை. தேர்தல் முறை, பல்கலைக்கழகம், பாடசாலை மொழி என்று அது நடந்துகொண்டே இருந்தது. 1908 இல் உக்ரேனிய மாணவர் ஒருவர் கலீசியாவின் ஆளுநர் பொட்டோக்கியைச் சுட்டுக் கொன்றார். இருந்தும், இறுதித் தீர்ப்புக்கு இரு தரப்பும் பேரரசின் தலைநகரான வியன்னாவின் வாசலுக்கே போயின. 1918 ஒக்டோபர் இறுதியில் அந்த வாசலில் பதில் சொல்ல ஆளில்லை. அம்மாதம் 28 ஆம் திகதி கிராக்கோவில் அமைக்கப்பட்ட போலந்துக் குழு, கலீசியா முழுவதன் ஆட்சியையும் பொறுப்பேற்கப் புறப்பட இருந்தது. அது லிவீவுக்கு வந்து சேர்வதற்குள், டிமிட்ரோ விட்டோவ்ஸ்கியின் தலைமையில் உக்ரேனியப் படையினர் அரச கட்டடங்களைக் கைப்பற்றிவிட்டார்கள். நவம்பர் 1 ஆம் திகதி காலையில் விழித்த நகரவாசிகள், மாநகர மண்டபத்தின் மேல் நீலமும் மஞ்சளுமான கொடியைக் கண்டார்கள். ஆகவே பகையைக் காட்டிலும், "நாம் பிந்தினால் மற்றவர் முந்திவிடுவார்" என்ற அச்சமே துப்பாக்கியை எடுக்க வைத்தது என்பது என் துணிபு.

கட்டடங்கள் உக்ரேனியர் கையில் இருந்தன. நகரவாசிகளில் பெரும்பகுதியினர் அவர்களுடன் இல்லை. மேற்குப் பகுதியிலிருந்த சியென்கியேவிச் பாடசாலையில் கூடிய போலந்தியருடன் மாணவர்களும் சிறுவர்களும் சேர்ந்தார்கள். 14 வயதான யூரெக் பிட்ஷான் நவம்பர் 21 ஆம் திகதி லிச்சாகிவ் இடுகாட்டில் நடந்த சண்டையில் இறந்தான். அதற்கு முதல் நாள், பிரஷெமிஷ்லிலிருந்து புகையிரதத்தில் போலந்தின் உதவிப்படை வந்து சேர்ந்திருந்தது. 21 ஆம் திகதி இரவு உக்ரேனியர் நகரை விட்டு விலகினார்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
சேர் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது அந்த இரவோடு நின்றுவிடுவதை ஏற்க முடியவில்லை. நூற்றுக்கு 28 என்று நீங்கள் குறிப்பிட்ட யூதர்கள், இந்தப் போரில் நடுநிலை வகிப்பதாக வெளிப்படையாக அறிவித்து, தங்கள் குடியிருப்பைக் காக்க மட்டும் ஒரு காவற்படையை அமைத்திருந்தார்கள். நகரம் போலந்தியர் கைக்கு வந்த 22 ஆம் திகதியிலிருந்து 24 வரை, அவர்கள் எதிரிக்கு உதவினார்கள் என்ற குற்றச்சாட்டைச் சொல்லி, படையினரும் பொதுமக்களில் சிலரும் அந்தக் குடியிருப்பைச் சூறையாடினார்கள். கடைகளும் வீடுகளும் தொழுகைக்கூடங்களும் எரிந்தன. பல பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். இரு இனங்களின் போர் என்று மட்டும் நாம் எழுதும்போது, எந்தப் பக்கமும் சேராமல் இருந்து அதற்காகவே தண்டிக்கப்பட்டவர்கள் பாடத்திலிருந்தே விடுபட்டுப் போகிறார்கள். தங்கச்சி, பரீட்சை விடைத்தாளில் இவர்களையும் எழுதுங்கள்.

மட்டக்களப்பு மாணவி:
கட்டாயம் எழுதுவேன். இருவருக்கும் நன்றி. நகரம் வீழ்ந்ததோடு போர் முடிந்துவிட்டதா, சேர்?

கல்முனை ஆசிரியர்:
அக்கரைப்பற்று அன்பர் சொன்னது சேர்க்கப்பட வேண்டியதே.

போர் முடியவில்லை. நவம்பர் 13 ஆம் திகதி பிரகடனம் செய்யப்பட்ட மேற்கு உக்ரேனிய மக்கள் குடியரசு, நகரை இழந்த பின்னரும் கிராமப்புறங்களில் நிலைகொண்டு எட்டு மாதங்கள் போரிட்டது. பிரான்சில் உருவாக்கப்பட்டு 1919 வசந்தத்தில் வந்து சேர்ந்த ஜெனரல் ஹாலரின் போலந்துப் படை நிலைமையை மாற்றியது. அவ்வாண்டு ஜூலையில் உக்ரேனியப் படை, கலீசியாவின் கிழக்கு எல்லையான ஸ்புரூச் ஆற்றைக் கடந்து கிழக்கே சென்றது.

"நெடுங்காலப் பகை" என்ற விடையை எவரேனும் மீண்டும் சொன்னால், ஷெப்டிட்ஸ்கி சகோதரர்களைச் சுட்டிக்காட்டுங்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவரான ஆன்றே லிவீவின் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர், உக்ரேனியரின் ஆன்மிகத் தலைவர். இளையவரான ஸ்டனிஸ்லாவ், அந்தப் போரின் முதல் மாதங்களில் போலந்துப் படையின் பதவிநிலைப் பிரதானி.

1922 செப்டெம்பரில் போலந்து நாடாளுமன்றம் கிழக்குக் கலீசியாவுக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. 1923 மார்ச்சில் நேச நாடுகளின் தூதுவர் மன்றம் அப்பகுதியைப் போலந்துக்கு உரியதாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தன்னாட்சிச் சட்டம் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை.