பொருள்: நீர்வண்ண ஓவியத்தில் ‘வாஷ்’ என்பதை ‘மெழுக்கு’ எனலாமா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கோத்தகிரியில் என் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் நீர்வண்ண ஓவியம் பழகுகிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர் என எல்லாருமே தூரிகையைப் பள்ளிப் பருவத்தோடு விட்டவர்கள். வாரத்தின் மற்ற நாள்களில் இவர்கள் தத்தம் வீட்டில் தனியாக உட்கார்ந்து வரைய உதவும்படி இருபது பக்கக் கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். முதலில் அதற்கு ‘வீட்டிலேயே பெயின்டிங்’ என்று தலைப்பிட்டிருந்தேன். படியைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பட்டி பார்ப்பதற்கு முன்பு பழைய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டுமா என்று கேட்டதால் தலைப்பை மாற்றிவிட்டேன்.

கையேட்டின் பெரும்பாலான சொற்களுக்கு முட்டுப்பாடு இல்லை. பிக்மென்ட்டுக்கு நிறமி இருக்கிறது. வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரத்துக்கு நெடுநல்வாடை தரும் ‘புனையா ஓவியம்’ என்ற தொடரையே எடுத்துக்கொண்டேன். வண்டி நின்றது, நீர்க்கக் கரைத்த வண்ணத்தைத் தாளில் சீராகப் படியவைப்பதைக் குறிக்கும் ‘வாஷ்’ என்ற சொல்லில்தான். இதைப் பற்றி இக்குழுவில் சென்ற வாரம் நான் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்தன. அவற்றை ஏன் ஏற்கத் தயங்குகிறேன் என்பதையும், நான்காவதாக ஒன்றை ஏன் முன்வைக்கிறேன் என்பதையும் விளக்கவே இம்மடல்.

சொல்லுக்கு முன்னால் செயலைப் பார்த்துவிடுவோம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைப் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, பலகையின் மேல்முனைக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துச் சற்றே சாய்த்துக்கொள்கிறோம். வண்ணத்தை நிறைய நீரில், தேவைக்கு இருமடங்காகவே கரைத்துக்கொள்கிறோம். பாதி வானத்தில் கரைசல் தீர்ந்து மறுபடி கலக்க உட்கார்ந்தால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். பெரிய தூரிகையை அதில் முழுக்கத் தோய்த்து, தாளின் மேல்விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இழுத்த பட்டையின் அடிவிளிம்பில் நீர் கண்ணீர்போலத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரண்ட நீரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். இப்படியே கீழ்வரை வந்து, கடைசியில் தேங்கும் நீரைப் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுத்துவிட்டால், தூரிகைத் தடமே தெரியாத ஒரே சீரான மெல்லிய நிறம் தாளெங்கும் படிந்திருக்கும். அதன் ஊடே தாளின் வெண்மையும் தெரியும். போன இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது என்பதுதான் இதில் உயிரான விதி. புதியவர்கள் அனைவரும் தவறாமல் மீறுவதும் அதைத்தான்.

முதல் பரிந்துரை ‘கழுவல்’. அகராதியைத் திறந்தவுடன் கிடைப்பது இதுதான் என்றாலும், தமிழில் கழுவினால் ஒன்று நீங்கும். பாத்திரத்தில் பற்று போகும், கையில் அழுக்கு போகும். இங்கே நாம் ஒன்றைப் படியவைக்கிறோம். ‘வானத்தைக் கழுவுங்கள்’ என்று எழுதினால், போட்ட வண்ணத்தைக் குழாயடியில் காட்டச் சொல்வதாகத்தான் படிப்பவர் புரிந்துகொள்வார். சுவருக்கு அடிக்கும் ‘ஒயிட்வாஷ்’ வந்தபோதே நம்மவர்கள் அதை வெள்ளைக்கழுவல் என்று சொல்லாமல் ‘வெள்ளையடித்தல்’ என்றுதானே சொன்னார்கள்?

இரண்டாவது ‘ஊறல்’. இதை முன்வைத்த நண்பர் நாளிதழ் வழக்கைச் சான்றாகக் காட்டியிருந்தார். உண்மைதான், ஆங்கிலச் செய்தியில் ‘வாஷ்’ என்று வருவது தமிழ்ச் செய்தியில் ‘சாராய ஊறல்’ என்றே வருகிறது. ஆனால் அது வேறு வாஷ். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் ‘முதலில் ஊறலைத் தயார் செய்துகொள்ளவும்’ என்று அச்சிட்டால் எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு படி அனுப்ப வேண்டியிருக்கும். எனினும் அந்த வேர் நமக்கு வேறோர் இடத்தில் பயன்படும்; பின்னால் வருகிறேன்.

மூன்றாவது ‘நீர்ப்பூச்சு’. இதற்குத்தான் ஆதரவு மிகுதி. குழுவிலுள்ள மதுரை அம்மையார் எழுதியது:

> பூச்சு என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். முன்னால் நீர் என்று சேர்த்துவிட்டால் பொருள் தெளிவு. தெரிந்த சொல் இருக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஏன் போக வேண்டும்?

அம்மையாரின் கேள்வி நியாயமானது, நானும் ஆறு மாதம் இந்தச் சொல்லைத்தான் வகுப்பில் பயன்படுத்தினேன். பயன்படுத்தியதால்தான் அதன் குறை தெரிந்தது. ‘பூசுங்கள்’ என்றால் கை தானாக முன்னும் பின்னும் தேய்க்கிறது. சந்தனம் பூசுகிறோம், மருந்து பூசுகிறோம், சாந்து பூசுகிறோம். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கை பலமுறை போய்வருகிறது. பூச்சு என்பது கீழே உள்ளதை மூடவும் செய்யும். நீர்வண்ணத்தில் தேய்த்தால் பாதி காய்ந்த நிறமி பெயர்ந்து திட்டுத்திட்டாகும், தாளின் மேற்பரப்பும் நார்நாராக எழும்பும். பெரியவர் ஒருவருக்கு நான்கு வாரம் ‘தேய்க்காதீர்கள்’ என்று சொல்லியும் நிற்கவில்லை. ஐந்தாம் வாரம் ஆசிரியைதான், ‘ஐயா, சாணி மெழுகுவதுபோல இழுத்துவிட்டுப் பின்னால் வந்துகொண்டே இருங்கள்’ என்றார். பெரியவர் ஒரு கணம் கையைத் தாளுக்கு மேல் நிறுத்தி, மணிக்கட்டை வளைத்துப் பார்த்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒன்பது இழுப்பில் ஒரு வானத்தை முடித்தார். ஒரு தடம் இல்லை.

எனக்குச் சொல் கிடைத்தது அப்போதுதான். மண் தரையை மெழுகுபவர் சாணக் கரைசலை நீர்க்க வைத்துக்கொண்டு, அறையின் மூலையில் தொடங்கி, வில்வில்லாகக் கையை இழுத்தபடி வாசலை நோக்கிப் பின்வாங்குவார். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் ஈர ஓரத்தைத் தொட்டிருக்கும். ஈரமான இடத்தில் மறுபடி கை வைக்க மாட்டார். தாளில் நாம் செய்வதும் அச்சு அசல் அதுவே. பெயர்ச்சொல்லும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை: அப்பர் தேவாரத்தில் ‘அலகிட்டு மெழுக்கும் இட்டு’ என்று வருகிறது. எனவே வாஷ் என்பதை ‘மெழுக்கு’ என்றும், வாஷ் போடுவதை ‘மெழுக்கிடுதல்’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு.

மறுப்புகளை நானே எழுப்பிக்கொண்டேன். வலுவானது, மெழுகோடு வரும் குழப்பம். மெழுகு வண்ணக்குச்சி நம் துறையிலேயே இருக்கும் பொருள். தாளில் முதலில் மெழுகால் கோடிட்டு அதன்மேல் நீர்வண்ணம் விட்டால் கோட்டில் வண்ணம் ஒட்டாது என்ற உத்தியைப் புதியவர்களுக்கு முதல் மாதத்திலேயே கற்பிக்கிறோம். ‘மெழுகின் மேல் மெழுக்கு’ என்று எழுத நேரும்போது அச்சுப்பிழையோ என்று தோன்றத்தான் செய்யும். இதனால்தான் ‘மெழுகல்’ என்னாமல் வல்லின ஒற்றோடு கூடிய ‘மெழுக்கு’ என்ற வடிவத்தைத் தேர்ந்தேன். ஐயம் வரும் இடங்களில் ‘நீர்மெழுக்கு’ என்று விரித்துக்கொள்ளலாம். சாண வாடை அடிக்கும் சொல் ஓவியத்துக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை, வைத்துக்கொள்ளவும் விரும்பவில்லை. சிமென்டுத் தரையில் வளர்ந்த மாணவர்களுக்கு மெழுகுவதே தெரியாதே என்பது அதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் அவர்களுக்கும் ஒருமுறை கையால் காட்டினால் போதும், சொல் செயலோடு ஒட்டிக்கொள்கிறது.

கிளைச்சொற்கள் எளிதாக வருகின்றன. மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தி உடையது ‘சமமெழுக்கு’. ஒவ்வோர் இழுப்புக்கும் சிறிது நீரைக் கூட்டி, நிறத்தை மெலியவிட்டுக் கடைசியில் வெறும் தாளோடு கரைப்பது, தேய்பிறையை ஒட்டித் ‘தேய்மெழுக்கு’. கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்த்தால் மலை வரிசைகள் தொலைவு கூடக்கூட வெளுத்து நீலமாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு வரிசையும் ஒரு தேய்மெழுக்கு, அடிவாரம் மஞ்சில் கரைந்திருக்கும். நீலமும் பழுப்பும் மட்டும் கையில் இருந்தாலே இந்தக் காட்சியைப் புதியவர் ஒருவர் வரைந்துவிட முடியும். பன்னிரண்டு வண்ணப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் திறந்துவைத்துக்கொண்டு திணறுவதைவிட இது நல்ல தொடக்கம் என்பது என் அனுபவம்.

‘வெட் ஆன் வெட்’ என்பதற்குத்தான் ஊறலின் வேரைக் கேட்கிறேன். ஈரத் தாளில் வண்ணத்தைச் சொட்டினால் அது விளிம்பு மங்கிப் பரவுவதைத் தமிழ்ப் பிள்ளைகள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே ‘ஊறுது’ என்கிறார்கள். மட்டமான நோட்டில் பேனா மை ஊறுவதைப் பார்த்து வந்த சொல் அது. பெயர்ச்சொல்லாக்கி வம்பை விலைக்கு வாங்காமல் ‘ஊறவிடுதல்’ என்று வினையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இங்கே மலைவாசிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சமவெளியில் மின்விசிறிக்கடியில் பத்து நிமிடத்தில் காயும் மெழுக்கு, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் குளிரில், காற்றே நீரைச் சுமந்து நிற்கும்போது ஒரு மணி நேரமானாலும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். மேற்பரப்பில் பளபளப்பு போய்விட்டதால் காய்ந்துவிட்டது என்று நம்பி அடுத்த வண்ணத்தை வைத்தால், புதிய நீர் பழைய நிறமியைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் விளிம்புபோல ஒரு கறையை உண்டாக்கும். சென்ற நவம்பரில் இப்படி என் படம் ஒன்று, மூன்று வார உழைப்பு, வீணானது. சன்னலைச் சாத்த மறந்த என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ‘புளூம்’ என்கிறார்கள். நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்: ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோம், எனவே ‘மெழுக்கு பூத்துவிட்டது’ என்றால் போதும். காய்ந்ததா என்று அறியப் புறங்கையைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முடி உலர்த்தியைப் பயன்படுத்தலாம், ஆனால் நீர் தேங்கி நிற்கும்போது வேண்டாம், காற்று அதைத் தள்ளிவிடும்.

ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. மெழுக்கின் அடிவிளிம்பில் திரண்டு நிற்கும் அந்த நீரை ஆங்கிலத்தில் ‘பீட்’ என்கிறார்கள். ‘மணி’ என்றால் உருண்டையாக எண்ணத் தோன்றுகிறது, இதுவோ நீளமான கோடு. ‘திரள்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ‘திரள் உடையாமல் இழுக்கவும்’ என்ற வாக்கியம் படிக்க மோசமில்லை. வயலில் மடைநீர் வரப்போரம் தேங்கி நிற்பதற்குத் தஞ்சைப் பக்கத்தில் தனிச்சொல் ஏதும் இருந்தால் அந்தப் பகுதி நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கையேடு மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து