கவர் வெர்ஷனுக்குக் கலைச்சொல்: வழிப்பாடலா, கவர்பாடலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை வேறொருவர் பாடுவதை ஆங்கிலத்தில் கவர் வெர்ஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நகல்பாடல், மறுபாடல், மீள்பாடல், மறுபதிவு, கவர்பாடல் என்று சொற்கள் வந்துவிட்டன. நான் ‘வழிப்பாடல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கவர்பாடலையும் கைவிடச் சொல்லமாட்டேன், அதற்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன். முதலில் மற்றவற்றை, உங்கள் பதிவுகளை மேற்கோள் காட்டியே பார்த்துவிடலாம்.

> ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடுவதுதானே? நகல்பாடல் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். நகல் என்றாலே அசலைவிட ஒரு படி கீழே என்று முடிவாகிவிடுகிறது. பாட்டுலகில் நடந்திருப்பது அப்படியில்லை.

‘ரெஸ்பெக்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங், 1965இல். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், சம்பாதித்துக் கொண்டுவருகிறேனே, வீட்டில் எனக்கு மரியாதை கொடு என்று கேட்கும் பாட்டு அது. நல்ல பாட்டுதான். 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதைப் பாடியபோது கேட்பவர் பெண்ணாகிவிட்டார். அதோடு நிற்கவில்லை. மரியாதை என்ற அந்தச் சொல்லை ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி என்று எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் இடம் ரெட்டிங் பாடியதில் கிடையாது, அரீத்தா சேர்த்தது. பின்னணியில் பதில்குரல் கொடுத்து விரட்டும் பெண்களில் அவருடைய சகோதரிகளும் உண்டு. நடுவே கிங் கர்டிஸ் வாசிக்கும் சாக்ஸஃபோன் பகுதிக்கான சுரக்கட்டு (கார்டு வரிசை) வேறொரு பாட்டிலிருந்து எடுத்தது. இன்றைக்கு ‘ரெஸ்பெக்ட்’ என்றால் உலகம் நினைப்பது இந்தப் பதிவைத்தான், பெண்ணுரிமைக்கும் கறுப்பின மக்களின் உரிமைக்கும் குரலான பதிவும் இதுதான். இதைப் போய் நகல் என்று எப்படி எழுதுவது?

> இலங்கையில் மீள் என்ற முன்னொட்டு நன்றாகப் பழகியது. மீள்பாடல் என்றே வைக்கலாம்.

மீள், மறு இரண்டுமே நல்ல முன்னொட்டுகள். ஆனால் அவற்றில் ‘வேறொருவர்’ என்ற செய்தி இல்லை. டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களைத் தானே மறுபடி பாடி 2021 முதல் வெளியிட்டாரே, அதற்குத்தான் மீள்பதிவு, மறுபதிவு பொருந்தும். அந்த இரண்டையும் அதற்கென்று ஒதுக்கிவிடுவோம்.

சரி, வழிப்பாடல். இதற்கு நன்னூலே போதும். நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரித்துவிட்டு வழிநூலுக்கு இப்படி இலக்கணம் சொல்கிறார் பவணந்தி:

முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்

நூல் என்ற இடத்தில் பாடல் என்று வைத்துப் படித்துப் பாருங்கள். முன்னவர் பாட்டோடு அடிப்படையில் ஒத்திருக்கும், பின்னவர் தாம் வேண்டும் வேறுபாட்டைச் செய்துகொள்வார், பாட்டின் மரபு அழியாமல் இருக்கும். இதைவிடச் சரியான வரையறையை இசை அகராதிகளில்கூட நான் பார்த்ததில்லை. ‘வேண்டும்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். எவ்வளவு விகற்பம் என்பது பின்னோன் விருப்பம். மெல்லிசைக் குழுக்காரர் திரைப்பாட்டை ரெக்கார்டில் இருப்பது போலவே மேடையில் பாடுவதும் இதில் அடங்கும், அரீத்தா செய்ததும் அடங்கும்.

‘வழி’யில் தாழ்வும் இல்லை. கம்பராமாயணம் வழிநூல்தான். அதனால் கம்பன் வான்மீகிக்கு இளைத்தவன் என்று தமிழ் படித்த யாராவது சொல்வார்களா? வழித்தோன்றல், வழிமொழிதல் என்ற வழக்குகளிலும் பின்னால் வருவது என்ற பொருள்தான் இருக்கிறது, கீழானது என்ற பொருள் இல்லை. கலைச்சொல்லுக்கு இந்த நடுநிலை மிக முக்கியம். எது முந்தியது என்பதைச் சொல் சொல்லட்டும், எது சிறந்தது என்பதைக் கேட்பவர் காது சொல்லட்டும்.

> வழிப்பாடல் என்று கூகுளில் தேடினால் வழிபாட்டுப் பாடல்கள் வந்து நிற்கும். ஒரு ப் தவறினால் பக்திப் பாட்டாகிவிடும்.

இது கனமான எதிர்வாதம், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ‘வழிப்பாட்டு’ என்ற வடிவத்தை நான் தவிர்க்கிறேன், அது வழிபாட்டோடு கட்டாயம் குழம்பும். ‘வழிப்பாடல்’ அந்த அளவுக்குக் குழம்பாது. எப்போதும் ‘முதற்பதிவு’ என்ற இணைச்சொல்லோடு புழங்கினால் ஐயமே வராது: ‘இந்தப் பாடலின் முதற்பதிவு 1994, வழிப்பாடல் 2002.’

முதற்பதிவு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை அரியக்குடி பாடியிருக்கிறார், செம்பை பாடியிருக்கிறார், யாரும் அதைக் கவர் என்பதில்லை. அங்கே ஒப்பிட முதற்பதிவு என்ற ஒன்றே கிடையாது. பதிவுதான் படைப்பு என்று ஆன உலகத்தில்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. அதேபோல் முதற்பதிவு என்பது எழுதியவர் பாடியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ பிரின்ஸ் எழுதியது, முதலில் வெளியிட்டது ‘தி ஃபேமிலி’ என்ற குழு, 1985இல். உலகம் அறிந்தது 1990இல் வந்த ஷினேட் ஓ’கானரின் வழிப்பாடலை.

இப்போது கவர்பாடல்.

> கவர் என்ற ஒலியும் இருக்கிறது, மனத்தைக் கவரும் பாடல் என்று வினைத்தொகையாகவும் நிற்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

ஒலியும் பொருளும் சேர்ந்து வருவது அழகுதான். ஆனால் கேட்கச் சகிக்காத கவர் பாட்டுகள் யூடியூப் முழுக்கக் கிடக்கின்றனவே அம்மா, அவற்றையும் ‘கவரும் பாடல்’ என்றா அழைப்பது? வகையின் பெயரே பாராட்டாக இருக்கக் கூடாது.

ஆனால் கவர்தலுக்கு ஈர்ப்பதற்கு முந்திய பொருள் ஒன்று உண்டு: பறித்தல், கைப்பற்றுதல். ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்கிற குறளில் அந்தப் பொருள்தான். வெட்சித் திணையில் ஆநிரை கவர்வதும் அதுதான். இந்தப் பொருளில் பார்த்தால் கவர்பாடல், முதலில் பாடியவரிடமிருந்தே பாட்டைக் கவர்ந்துகொண்ட வழிப்பாடல். அப்படி நடந்ததாக முதல் பாடகர்களே சொல்லியிருக்கிறார்கள். 1967 மான்டரே இசைவிழா மேடையில் ‘ரெஸ்பெக்ட்’ பாடும் முன் ரெட்டிங் சொன்னது, இது ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்பதுதான்.

பாப் டிலன் 1967இல் வெளியிட்ட ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ கிட்டார், ஹார்மோனிகா, பேஸ், டிரம் மட்டும் கொண்ட அடக்கமான பாட்டு, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை நான்கு நிமிடமாக்கி, ஒவ்வொரு பத்திக்கும் நடுவே மின்கிட்டாரைப் பேசவிட்டார். வரிகளில் சொல்லாமல் விட்ட புயலை அந்தக் கிட்டார் கொண்டுவந்துவிடுகிறது. ஹென்ட்ரிக்ஸ் மறைந்த பிறகு டிலனே மேடையில் அந்தப் பாணியில்தான் அதைப் பாடிவருகிறார்.

என்னை மிகவும் உலுக்குவது ‘ஹர்ட்’. டிரென்ட் ரெஸ்னர் எழுதி நைன் இன்ச் நெய்ல்ஸ் பெயரில் 1994இல் வந்தது. இளைஞன் ஒருவன் தன்னையே அழித்துக்கொள்ளும் வலி அதில் இருக்கிறது. 2002இல் ஜானி கேஷ் அதைப் பாடும்போது அவருக்கு எழுபது வயது, உடல் தளர்ந்துவிட்டது, குரலில் நடுக்கம். மெட்டை மாற்றவில்லை, வரிகளிலும் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினார்: கிரீடம் என்ற சொல்லோடு சேர்ந்திருந்த வசைச்சொல்லை எடுத்துவிட்டு முள்முடி ஆக்கினார். அந்த ஒரு சொல்லால் பாட்டு ஒரு கிறித்தவ முதியவரின் கடைசிக் கணக்குத் தீர்ப்பாகிவிட்டது. கடைசியில் பியானோ ஒரே சுரத்தை அடித்து அடித்து ஏறும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். அதன் காணொளியைப் பார்த்தபின் இது இனி என் பாட்டில்லை என்று ரெஸ்னருக்கே தோன்றிவிட்டது. 2003 மே மாதம் கேஷின் மனைவி ஜூன் மறைந்தார், செப்டம்பரில் கேஷும்.

எல்லாப் புகழ்பெற்ற வழிப்பாடலும் கவர்பாடல் ஆகிவிடாது. விட்னி ஹியூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 1992இல் உலகை ஆண்டது, ஆனாலும் டாலி பார்ட்டன் 1974இல் வெளியிட்ட மென்மையான பதிவு இன்னும் அவருடையதாகவே இருக்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருப்பீர்கள், தாராளமாக எழுதுங்கள். ‘ஹலேலூயா’வில் இன்னொரு சிக்கல்: லெனர்ட் கோஹன் 1984இல் பாடியதை ஜான் கேல் 1991இல் மாற்றியமைத்தார், ஜெஃப் பக்லி 1994இல் பின்பற்றியது கேலின் வடிவத்தை. வழிப்பாடலுக்கு ஒரு வழிப்பாடல். அதற்குத் தனிச்சொல் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

> பேச்சில் எல்லோரும் கவர் சாங் என்றுதான் சொல்லப்போகிறார்கள். எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

பேச்சில் சொல்லட்டும், எழுத்தில் தேவை இருக்கிறது. 2012இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவுப்படி, முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே, உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமல் உரிமைத்தொகை கட்டி இப்படி ஒரு பதிவு வெளியிடலாம். இது கவர் வெர்ஷன் என்று உறையில் குறிப்பிடவும் வேண்டும். அந்த உறையில் தமிழில் என்ன அச்சிடுவது? ‘நகல்’ என்று போட்டால் திருட்டு சிடி என்று நினைப்பார்கள்.

ஆகவே கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

முதற்பதிவு – ஒரு பாடல் முதன்முதலில் வெளியான ஒலிப்பதிவு.

வழிப்பாடல் – முதற்பதிவு உள்ள ஒரு பாடலை வேறொரு பாடகரோ குழுவோ தம் விருப்பப்படி மாற்றியோ மாற்றாமலோ பாடுவது.

கவர்பாடல் – முதற்பதிவைப் பின்னுக்குத் தள்ளி, பாடலைத் தனதாக்கிக்கொண்ட வழிப்பாடல்.

ரீமிக்ஸ் (பழைய பதிவையே மாற்றிக் கலப்பது), சாம்பிளிங் (பழைய பதிவின் துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பது) இரண்டையும் இதில் சேர்க்கவில்லை. நன்னூலின் மூன்றாம் வகையான சார்பு அவற்றுக்குப் பொருந்துமா என்று தனி இழையில் பேசலாம். வழிபாட்டுக் குழப்பத்தை எழுப்பிய நண்பர் ‘வழிப்பாடல்’ என்ற வடிவத்தை ஏற்கிறாரா என்று தெரிந்தால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.