கட்டி முடித்த கடன் கிரிப்பில் (இலங்கையின் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில்) எப்படி நிற்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டிக்கோயாக்காரன்:
மச்சான் 2019இல் லீசிங்கில் ஓட்டோ எடுத்தார். பிணை நான். அடுத்த வருஷம் கொரோனா வந்து ஹட்டனில் ஹயரே இல்லாமல் போனது. தவணையைத் தள்ளிப்போடக் கொடுத்த சலுகைக் காலம் முடிந்ததும் தவணைகள் சேர்ந்துகொண்டே போக, கம்பனி ஆட்கள் ஓட்டோவைத் தூக்கிப் போய் விற்றுவிட்டார்கள். விற்ற காசு போதவில்லை என்று மிச்சத்தைக் கேட்டு வாசலுக்கு வந்தார்கள். தங்கச்சியின் நகையை அடகு வைத்து அதையும் கட்டி முடித்தோம்.

அப்புறம் வீட்டைத் திருத்த நான் வங்கியில் கடன் கேட்டேன். என் பெயரில் ஒரு சதம் கடன் கிடையாது. ஆனாலும் "கிரிப்பில் நிலுவை காட்டுகிறது" என்றார்கள். என் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பிணை நின்ற கடன்களுக்கான பகுதியில் மச்சானின் லீசிங் அப்படியே பாக்கியாக இருக்கிறது. காசை வாங்கிக்கொண்ட கம்பனி, வாங்கிவிட்டோம் என்று பதியவே இல்லை!

கிரிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இன்னாருக்குக் கடன் கொடுக்காதே என்று அது சொல்வதில்லை, கறுப்புப் பட்டியலும் வைப்பதில்லை. வங்கிகளும் கம்பனிகளும் அனுப்பும் விபரத்தைத் தொகுத்து வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் தப்பாக அனுப்பியவர்கள்தான் திருத்தியும் அனுப்ப வேண்டும். கிளையில் "சிஸ்டத்தில் தானாக மாறும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரசீதுகளின் பிரதிகளோடு தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிய பிறகுதான் மாறியது.

பாக்கி பூச்சியமானது சரி. ஆனால் எந்தெந்த மாதம் தவணை பிந்தியது என்ற வரலாறு போகவில்லை. அது உண்மையாக நடந்தது, அதனால் அதை அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்று வங்கி அதிகாரி பொறுமையாக விளக்கினார். அது நியாயம்தான். கட்டியும் கட்டாததாகக் காட்டியதுதான் அநியாயம். கடைசியில் கடன் கிடைத்தது, கேட்டதைவிடக் குறைவாக.

தலவாக்கலை அக்கா:
தம்பி சொன்னது எங்கள் லயத்துப் பெண்கள் பலருக்கும் நடந்தது. குழுக் கடன் எடுத்தவர்களிடம் ஒரு கம்பனிக்காரர், "இவ்வளவு கட்டுங்கள், மிச்சத்தை விட்டுவிடுகிறோம்" என்றார். கொழுந்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டினார்கள். கையில் கிடைத்தது ஒரு துண்டு ரசீது மட்டும். பிறகு ஒருத்தி மகனின் படிப்புக்காகக் கடன் கேட்டுப் போனபோது, பழைய கடன் முடிந்ததாக இல்லை. வசூலிக்க முடியாமல் தள்ளி வைத்த கடனாகத் தெரிந்தது. அவள் அழுதுகொண்டே வந்தாள். தொகையைக் குறைத்துக் கட்டச் சொன்னால் கட்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே, இந்தத் தொகையோடு முழுக் கணக்கும் தீர்ந்தது, கிரிப்புக்கும் அப்படியே அறிவிப்போம் என்று எழுத்தில் வாங்குங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தந்தால், வாசித்துச் சொல்ல ஆளைக் கூட்டிப் போங்கள். வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம், தங்கச்சிமாரே.

பண்டாரவளை மாமா:
என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே கட்டாத பில்லை வசூல் கம்பனிக்கு விற்றே விடுவார்களாம். அது கடன் அறிக்கையில் ஏறினால், முதலில் தவணை தவறிய நாளிலிருந்து சுமார் 7 வருஷம் இருக்கும். இடையில் கட்டினாலும் உடனே மறையாது, ஆனால் கட்டியதால் அந்த 7 வருஷம் புதிதாகத் தொடங்குவதும் இல்லை. ஃபைகோ 9, வான்டேஜ்ஸ்கோர் 3.0 போன்ற புதிய புள்ளி முறைகள் கட்டி முடித்த வசூல் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை. பழைய ஃபைகோ 8இலோ ஆரம்பத் தொகை 100 டொலருக்குக் குறைவாக இருந்தால்தான் விட்டுவிடும். இவனுடையது ஆஸ்பத்திரி பில். கட்டி முடித்த மருத்துவக் கடன்களை 2022 ஜூலையிலிருந்து அங்குள்ள மூன்று பெரிய கடன் தகவல் பணியகங்களுமே நீக்கியதால் பிள்ளை தப்பினான். அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பூண்டுலோயா தம்பி:
அண்ணே, நான் கட்டி முடித்துவிட்டேன். கடன் தீர்ந்தது என்ற கடிதம் கேட்டால் நாளைக்கு, அடுத்த கிழமை என்று இழுக்கிறார்கள். என்ன செய்யலாம்? கிரிப் புள்ளி 250இலிருந்து 900 வரை என்கிறார்களே, என்னுடையது இனி ஏறுமா?

டிக்கோயாக்காரன்:
ஏறும் தம்பி. அடுத்து எடுக்கும் கடனின் தவணைகளை நேரத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தால் மெல்ல மெல்ல ஏறும். காசு கொடுத்து கிரிப்பைச் சுத்தம் பண்ணித் தருகிறோம் என்று வருபவர்களை மட்டும் நம்ப வேண்டாம். பணியகம் தரும் விபரத்தைக் கம்பனியைத் தவிர வேறு யாராலும் மாற்ற முடியாது. கடிதத்துக்கு முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் பேசுங்கள். ரசீதுகளை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மெஷினில் அடித்துத் தரும் ரசீது சில மாதத்திலேயே மங்கி எழுத்தே தெரியாமல் போய்விடும்.